மின்னியின் ஒரு வேளைப் பால்

குளக்கரைப் புல்வெளியில் மின்னி என்ற முயல் தலைப்பிரசவத்தில் இரண்டு குட்டிகளை ஈன்றது. முயல்களின் வழக்கமே தனி. குட்டிகளைப் புதரில் ஒளித்துவிட்டு அம்மா தள்ளிப் போய்விடும். அந்தி சாயும்போது ஒரே ஒரு முறை வந்து, வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டு ஓடிவிடும். அடிக்கடி போனால் புல்லில் தடம் விழும். தடத்தைப் பிடித்து நரி வரும்.

இதெல்லாம் மின்னிக்கும் தெரியும். ஆனால் பத்தாம் நாள் காலை தண்ணீர் குடிக்கக் குளத்துக்குப் போனது பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

குளத்தில் ஊறிக்கொண்டிருந்த எருமை, "குட்டிங்களுக்குப் பால் குடுத்தியா?" என்று கேட்டது.

"நேத்து சாயங்காலம் குடுத்தேன் அக்கா."

"நேத்தா! என் கன்னு விடிஞ்சதும் ஒரு குடம் குடிக்கும். உனக்குப் பால் ஊறுதா, இல்லையா?"

கரையில் மேய்ந்த வெள்ளாடு விடுமா? "இவ உடம்பைப் பாருங்கக்கா, இதுல எங்கிருந்து ஊறும்? ஏன்டி, முருங்கைக்கீரை தின்னியா?"

மின்னி முருங்கைக்கீரை தின்றது. 'சேத்துல புரண்டா பால் ஊறும்' என்று எருமை சொன்னதால் சேற்றிலும் புரண்டது. காதெல்லாம் சேறானதுதான் மிச்சம்.

பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றனவோ என்று அதற்குக் கவலை வந்துவிட்டது. புதருக்கு ஓடி, தூங்கிய குட்டிகளை எழுப்பிப் பால் கொடுத்தது. அவை முகத்தைத் திருப்பிக்கொண்டன. 'பால் இல்லைன்னுதான் திரும்பிக்குதுங்க' என்று அழுதது. உச்சிப்பொழுதுக்குள் குளத்துக்கும் புதருக்குமாக எட்டு நடை. புல் மடிந்து நல்ல பாதையே விழுந்துவிட்டது.

ஒன்பதாவது நடையில், பாதை நடுவே நரி உட்கார்ந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் மின்னி நாலே தாவலில் மறைந்திருக்கும். அன்று கவலையில் கால் நகரவில்லை.

"ஏம்மா அழுவுற?" என்றது நரி.

"குட்டிங்களுக்குப் பால் பத்தலைங்க."

"அடடா, பச்சப் புள்ளைங்களாச்சே. இளைச்சுப் போச்சுங்களா?" ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"அது தெரியலைங்க. போன வாரம் ரெண்டும் ஒரு எருக்க இலைக்குள்ள அடங்குச்சு. இப்போ புதர்ல இடம் பத்தாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குதுங்க. தொப்பை வேற தரையில இழுபடுது."

"தொப்பையா!" நரியின் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது.

தொப்பையா? தன் வாயால் சொன்னது அப்போதுதான் மின்னியின் காதுக்கு எட்டியது. பட்டினி கிடக்கிற குட்டிக்கு ஏது தொப்பை? அதன் சேற்றுக் காதுகள் விறைத்து நின்றன.

"புதர்ல இடமில்லாம குளத்தங்கரைக் கோரைக்குள்ள படுக்க வச்சிருக்கேன். போய்ப் பாருங்கண்ணே" என்றது நிதானமாக.

நரி பாய்ந்தது. கோரைக்குள் தூங்கியது, காலையிலேயே மின்னி பார்த்து வைத்திருந்த எருமைக் கன்று. எருமை ஒரே முட்டு! நரி அந்தரத்தில் பறந்து முள்ளில் விழுந்து, ஊளையிட்டபடி ஊரை விட்டே ஓடியது.

அந்திக்கு மின்னி குட்டிகளை வேறு புதருக்கு மாற்றியது. ஒரே ஒரு முறை பால் கொடுத்தது. இரண்டும் ஏப்பம் விட்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டு அதற்குச் சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மறுநாள் குளத்தில் எருமை மறுபடியும், "பால் குடுத்தியா?" என்றது.

"நேத்து சாயங்காலம்" என்றது மின்னி. தண்ணீர் குடித்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போனது.

பால் போதுமா என்று பிள்ளையின் வயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், ஊர் வாயைக் கேட்டு அல்ல.