எந்தப் புதூர்?

"என் ஊர் எது சாமி?"

கேட்டுக்கொண்டே வந்து மடத்து வாசலில் உட்கார்ந்தார் வீரணன். தலை நரைத்த சீடர். குருவோ அவரைவிட இளையவர். மண்வெட்டியோடு வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"பேராவது தெரியுமில்ல?"

"புதூர். சந்தையில தொலைஞ்ச பிள்ளைக்கு அது ஒண்ணுதான் சொல்லத் தெரிஞ்சுது."

புதூராம் புதூர்! கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு புதூரில்தான் போய் விழும். பாவம், வீரணனும் கால் தேய ஒவ்வொன்றாய் ஏறி இறங்கிவிட்டார்.

"கப்பல்ல வேலை பார்த்த ஒருத்தர் சொன்னார் சாமி. இங்கிலாந்துலயும் திரும்பின பக்கமெல்லாம் நியூட்டன்னு ஊர் இருக்காம். அதுக்கும் புதூர்னுதான் அர்த்தமாம். விளங்கினாப்பலதான்!"

குரு சிரித்தார். வீரணன் சிரிக்கவில்லை.

"நல்லது கெட்டதுக்கு எனக்குன்னு ஒரு ஆளு இல்ல. செத்தா எந்த மண்ணுல போடுவாங்கன்னுகூடத் தெரியாது. தாங்க முடியல சாமி."

குரு மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"போன ஊர்லயெல்லாம் என்ன கேட்டீங்க?"

"நான் உங்க ஊரான்னு கேட்டேன். இல்லைன்னுட்டாங்க."

"அவங்க எந்த ஊருன்னு கேட்டீங்களா?"

"இது என்ன கேள்வி சாமி? புதூர்ல இருக்கிறவன் புதூர்க்காரன்."

குரு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். அதை வீரணனின் துண்டில் முடிந்துவிட்டு மறுபடியும் பாத்தி கட்டப் போய்விட்டார்.

வீரணனுக்குக் கோபமான கோபம். ஆனாலும் நடந்தார்.

மலையோரத்தில் ஒரு புதூர். முன்பு ஒருமுறை அவரை விரட்டாத குறையாய் அனுப்பிவைத்த ஊர்தான். பொழுது சாய்கிற நேரம், அம்மன் கோயிலில் பூசாரி தட்டில் சூடம் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த ஊருங்க?" என்றார் வீரணன்.

பூசாரி அவர் துண்டு முடிச்சைப் பார்த்தார்.

"பிடிமண்ணா? எங்க ஆளுங்களும் இப்படித்தான் வந்தாங்க. பஞ்சத்துல கிளம்புறப்போ பழைய ஊர் அம்மன் கோயில்ல ஒரு பிடி மண் எடுத்துட்டு வந்து, இங்க வெச்சுக் கோயில் கட்டினாங்க."

"அந்தப் பழைய ஊரு?"

"அதுதான் மறந்துபோச்சே! முதல் சூடத்தை அந்த ஊர் இருக்கிற பக்கம் காட்டணும்கிறது முறை. எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியும்? நாலு பக்கமும் காட்டுறோம்."

பூசாரி வெளியே வந்து கிழக்கே காட்டினார். தெற்கே காட்டினார். ஊர் சனம் மொத்தமும் கும்பிட்ட கையோடு கூடவே திரும்பியது.

வீரணனும் திரும்பினார்.

சூடம் அணைந்ததும் பூசாரி அவரிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீங்க ஊர் ஊராய் நடக்கிறவர். எங்க ஊரை எங்கயாவது பார்த்தா, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."