கரைமேல் இரண்டு விளக்குகள்

மங்கையர்க்கரசி அம்மாவை மாசிலாமணி கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மார்கழி விடியலில். அன்று ஏரிக்கரை மேல் அம்மா குனிந்து நின்று அவருடைய சைக்கிள் கைப்பிடியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா மடத்துக்குத் தலைவி. மாசிலாமணி அவருக்குச் சீடர்தான். ஆனால் வயதில் மூத்தவர். அதனால் அம்மா அவரை 'ஐயா' என்றே கூப்பிடுவார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது விடியுமுன் கஞ்சி காய்ச்சிக் கேனில் ஊற்றி, ஏரிக்கரை வழியாகச் சைக்கிளில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். பாதி வழியில் பால்காரர் சடையன் எதிரே வருவார். இறங்கி, ஒரு செம்புப் பாலை அவர்களுடைய தூக்கில் ஊற்றுவார். அது குழந்தைகள் வார்டுக்கு. காசு வாங்கமாட்டார்.

மாசிலாமணியின் மனைவி கடைசி நாட்களில் ஏற்றுக்கொண்டது அந்தக் கஞ்சி ஒன்றைத்தான். காரியங்கள் முடிந்ததும் அவர் நேரே மடத்துக்கு வந்தார். "கேன் தூக்க ஆள் வேணுமாம்மா?" என்று கேட்டார். அவர் வாங்கிக்கொண்ட தீட்சை அவ்வளவுதான்.

அந்த மார்கழியில் அம்மாவுக்குக் காய்ச்சல். ஒரு வாரம் மாசிலாமணி தனியாகவே கஞ்சி கொண்டுபோனார். இருட்டில் கேன் கவிழ்ந்துவிடக் கூடாதே என்று டவுனில் இருப்பதிலேயே விலை கூடிய விளக்காக வாங்கி மாட்டினார். கரை பகல் போலத் தெரிந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமே வார்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சடையனைத்தான் காணவில்லை. மனசு மாறிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

காய்ச்சல் விட்டதும் அம்மா தன் சைக்கிளை எடுத்துவிட்டார். அதில் இருந்தது தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் விளக்கு. பழைய டியூப்பைக் கீறி, அந்த ரப்பரால் கட்டியிருந்தார். மினுக் மினுக்கென்று எரியும்.

கரை ஏறியதும் மாசிலாமணி ஒரு டப்பாவை நீட்டினார்.

"என்னங்கய்யா இது?"

"விளக்கும்மா. என்னுடையது மாதிரியே இன்னொண்ணு. கரை அரிச்சுக் கிடக்கு. நீங்க விழுந்துட்டா எங்களுக்கு யாரு?"

"என்கிட்டதான் ஒண்ணு இருக்கே."

"அது மின்மினிப் பூச்சிம்மா! நீங்களே சொல்லுங்க. அந்த மலிவு விளக்கு இதுக்கு ஈடாகுமா?"

அம்மா சிரித்தார். "பார்த்துட்டாப் போச்சு. கேனை இறக்கி வச்சுட்டு உங்க வண்டியைக் குடுங்க. நீங்க இங்கயே நில்லுங்க."

அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அம்மா இருட்டுக்குள் போனார். கொஞ்ச தூரத்தில் திருப்பி, விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். மாசிலாமணிக்குக் கண் கூசியது. கையால் மறைத்துக்கொண்டு ஒதுங்கினார். ஒரு கால் சறுக்கி, ஈரப்புல்லில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அடி பட்டுதாய்யா?"

"இல்லம்மா. வேட்டிதான் நனைஞ்சுது."

அம்மா தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மறுபடி வந்தார். மங்கலான வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. அதன் பின்னால் காவிச் சேலை, மூக்குக் கண்ணாடி, மூச்சு வாங்கும் முகம்.

"இப்போ யாரு வந்தா?"

"நீங்கதாம்மா."

"முன்னாடி?"

மாசிலாமணி யோசித்தார். "வெளிச்சம் வந்துச்சு. ஆள் யாருன்னு தெரியல."

அம்மா சைக்கிளில் சாய்ந்து நின்றார். "நேத்துச் சடையன் என்னைப் பார்க்க வந்தாரு. கரைமேல ஒரு வாரமா காரு வருதும்மா, முதல் நாள் கேனோட தண்ணியில இறங்கிட்டேன், இப்பல்லாம் ரோட்டைச் சுத்தித்தான் போறேன்னு சொன்னாரு."

வார்டில் தம்ளரோடு நின்ற பிள்ளைகளிடம், "பால்காரர் நிறுத்திட்டார்" என்று ஒரு வாரமாக மாசிலாமணிதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் அவரைத் தப்பா நினைச்சுட்டேம்மா."

"ம்."

"இதைக் கழற்றி ஏரியில போட்டுடறேன்."

"ஏன்? நல்ல விளக்கு. கேன் கவிழாம கொண்டுபோயிருக்கு. அதோட தலையைக் கொஞ்சம் குனிய வைங்க. வெளிச்சம் சக்கரத்துக்கு முன்னால விழட்டும்." டப்பாவைப் பிரித்தார். "நீங்க ஆசையா வாங்கிட்டு வந்ததை நான் வேண்டாம்பேனா? என் வண்டியிலயும் அப்படியே குனிஞ்ச மாதிரி மாட்டிக் குடுங்க. பழசை நீங்க வச்சுக்குங்க. உங்க விளக்குக்கு மேல இருக்கட்டும்."

மாசிலாமணி புதியதை மாட்டினார். அம்மா பிளாஸ்டிக் விளக்கை அவருடைய கைப்பிடியில் வைத்து, டியூப் ரப்பரை இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. ஈடாகுமா, ஆகாதா?"

"என்னைக் கேட்டா எப்படி? எதிர்ல வர்றவரைக் கேளுங்க. இன்னைக்குக் கரை வழியா வாங்கன்னு சொல்லியிருக்கேன்."

தூரத்தில் பால் கேன்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மாசிலாமணி தன் விளக்கின் தலையை இன்னும் கொஞ்சம் அழுத்திக் குனிய வைத்தார்.

சைக்கிள் வந்து நின்றது.

"அட, மாசிலாமணி அண்ணனா!" என்றார் சடையன். "காரை வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

மாசிலாமணி கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சடையன் செம்பு நிறைய மொண்டு ஊற்றினார். பிறகு, கேட்காமலே, இன்னொரு செம்பு.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா விடைபெற்றுக்கொண்டு, தங்கையைப் பார்க்கத் திருச்சிக்குப் பஸ் ஏறினார். அங்கே காய்ச்சல் திரும்பியது. அவர் வரவில்லை, செய்திதான் வந்தது.

டியூப் ரப்பர் இற்றுப்போய் மாசிலாமணி இரண்டு முறை மாற்றிவிட்டார். விளக்கு அதேதான். சடையன் கரை வழியாகத்தான் வருகிறார்.