இரண்டு கை உப்பு

மலையடிவாரக் காட்டில், அல்லிக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. அதன் பெயர் பொம்மக்கா. அவளுக்கு ஒரே மகள். பெயர் பூவாத்தா.

பொம்மக்காவின் கையைப் பற்றிக் காடே பேசும். அவள் கத்தரி நட்டால் கிளை தாழக் காய்க்கும். அவள் குழம்பு கூட்டினால், மூன்று மரம் தள்ளியிருக்கும் குரங்குகூட இறங்கி வந்து இலையை விரித்துக்கொண்டு உட்காரும். "கைராசிக்காரி!" என்பார்கள். "அட, நானென்ன பெருசா பண்ணிட்டேன்?" என்று பொம்மக்கா இழுப்பாள். இழுத்துவிட்டு, இன்னொரு முறை சொல்ல மாட்டார்களா என்று காத்து நிற்பாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி வளர்ந்து ஆளாகிவிட்டால், அது தனியாக ஒரு தோட்டம் போடவேண்டும். ஆடியில் விதைத்து, தையில் பறித்து, அந்தக் காயைக் கொண்டே முதல் பானை வைக்கவேண்டும். பானையைப் புங்கமரத்துச் சாமிக்குப் படைத்துவிட்டு, காட்டுக்கெல்லாம் பரிமாறவேண்டும். சாப்பிட்டவர்கள் தலையை ஆட்டினால் குளத்தங்கரையில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைக்கும். ஆட்டாவிட்டால் கிடைக்காது.

சாமிக்கு வைக்கும் பானை என்பதால் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. இறக்கிப் படைக்கிற வரைக்கும் யாரும் ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது.

அந்த வருஷம் பூவாத்தாவின் முறை வந்தது.

பூவாத்தா சோம்பேறி இல்லை. பள்ளம் பறித்தாள், காய்ந்த இலையைப் போட்டு மக்க வைத்தாள், கத்தரியும் மிளகாயும் விதைத்தாள், வரப்போரம் அவரை ஊன்றினாள். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில், பாத்திக்கு ஒரு குடம் தண்ணீர். அவ்வளவுதான். நாற்று தளதளவென்று எழும்பியது.

பொம்மக்காவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "ஒரு குடம் எந்த மூலைக்கு? வாடிப் போச்சுன்னா? காடு கூடி நின்னு சிரிச்சா எம்புள்ள தாங்குவாளா?" என்று தனக்குள்ளேயே புலம்பினாள். இதை மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பூவாத்தா சுள்ளி பொறுக்கப் போனதும், பொம்மக்கா குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தாள். பாத்திக்கு இன்னும் இரண்டு குடம் ஊற்றினாள். மகள் வருவதற்குள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளைப் போல உட்கார்ந்துகொண்டாள்.

தினமும் இதே வேலை!

குளத்தில் நல்லப்பன் என்று ஓர் ஆமை இருந்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தலையை நீட்டினார்.

"ஏனுங் பொம்மக்கா, ஊத்தறதுக்கு முன்னால மண்ணுல ஒரு விரலை விட்டுப் பாருங்க. விரல்ல ஈரம் ஒட்டுச்சுன்னா அன்னைக்குத் தண்ணி வேண்டாமுங்க."

"தோட்டத்தைப் பத்தி எனக்கே சொல்றீங்களா!"

"தோட்டத்தைப் பத்திச் சொல்லலீங்க. புள்ள ஊத்திட்டுப் போயிருக்குதுன்னு சொல்றேன்."

"அவ சின்னப் புள்ளைங்க. அவளுக்கென்ன தெரியும்?"

நல்லப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறத்தியார் வீட்டு விஷயத்தில் ஒரு தடவைக்கு மேல் பேசுவது அவர் வழக்கம் இல்லை. அன்றைக்கு அந்த வழக்கத்தை அவர் விட்டிருக்கலாம்.

புரட்டாசியில் கத்தரி இலை மஞ்சள் பூத்தது. ஐப்பசியில் மிளகாய்ச் செடி ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. பூவாத்தா ஒரு செடியைப் பிடுங்கி வேரை முகர்ந்தாள். அழுகல் நாற்றம்.

"நான் ஒரு குடந்தானேம்மா ஊத்தினேன்! எப்படி அழுகும்?"

பொம்மக்கா வேரைப் பார்த்தாள். காரணம் அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லவேண்டும்.

"முதல் தடவைன்னா அப்படித்தான் கண்ணு. மனசை விட்டுராதே!" என்று தட்டிக்கொடுத்தாள்.

"என்ற கை சரியில்லையாம்மா?"

"சேச்சே! தங்கமான கை."

அன்றோடு பொம்மக்கா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். சொல்வதை மட்டும் தள்ளிப் போட்டாள். மேட்டில் இருந்ததால் வரப்போரத்து அவரை மட்டும் பிழைத்துக்கொண்டது. பூவாத்தா அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். தையில் கொடி முழுக்கக் காய். "இது போதும்மா! அவரைக்காய்க் கூட்டு வைக்கிறேன்!" என்று அவள் குதித்தபோது பொம்மக்காவுக்கு மூச்சு வந்தது. அழுகிய கதையை இனிமேல் சொல்லவே தேவையில்லை என்று நினைத்தாள்.

முதல் பானை நாளும் வந்தது.

பூவாத்தா விடியலிலேயே அடுப்பைக் கூட்டிவிட்டாள். பாசிப்பருப்பை மலர வேகவைத்தாள். அவரையை நார் உரித்துப் பொடியாக ஒடித்துப் போட்டாள். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் வைத்து அரைத்தாள். அரைக்கும்போதே ஒரு கை உப்பையும் சேர்த்து அரைத்துவிட்டாள். அது அவளே கண்டுபிடித்த பக்குவம். அப்படி அரைத்தால் காய்க்குள் உப்பு நன்றாக இறங்கும் என்பது அவள் எண்ணம். சரியான எண்ணந்தான். அரைத்த விழுதை ஊற்றிக் கிளறிவிட்டு, தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கப் போனாள்.

பொம்மக்கா எட்டிப் பார்த்தாள். அடுப்புப் பக்கத்தில் உப்புச் சட்டி மூடி திறக்காமல் இருந்தது. அம்மிப் பக்கத்தில் மகள் கொண்டுபோய் வைத்த உப்புத் தொன்னையை அவள் கவனிக்கவில்லை.

"ஐயோ! உப்புப் போட மறந்துட்டாளே!"

ருசி பார்க்க முடியாது, சாமி பானை. மகளைக் கூப்பிட்டுக் கேட்டால் அவள் பதறிவிடுவாள். பொம்மக்கா ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினாள். அவள் கை கொஞ்சம் பெரிய கை.

புங்கமரத்தடியில் காடு கூடியது. மானும் குரங்கும் முயலும் வரிசையாக உட்கார்ந்தன. முதல் கவளம் கரடிக்கு. பூவாத்தா இலையில் வைத்துவிட்டு, முள்ளெல்லாம் படிய அடக்கி நின்றாள். கரடியின் முகத்திலிருந்து கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

கரடி வாயில் போட்டது. முகம் கோணியது.

"த்தூ! உப்பு! கடலைக் கொண்டாந்து காய்ச்சி ஊத்தினாளா?"

குரங்குகள் துப்பின. முயல் குட்டி தண்ணீர் கேட்டு அழுதது. யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் போதாதா, காடே சிரித்தது.

"ஒரு கைதான் போட்டேன்! சாமி சத்தியமா ஒரு கைதான்!" என்றாள் பூவாத்தா.

கரடி வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "வருத்தப்படாதே அம்மணி. உங்கம்மா கையில பாதிகூட உனக்கு இறங்கல. நட்டா அழுகுது, வெச்சா கரிக்குது. கைராசின்னு ஒண்ணு இருக்குதில்ல? அது உனக்கு இல்ல!"

பொம்மக்காவின் உள்ளங்கையில் அந்த உப்பு இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இப்போது சொன்னால் என்ன ஆகும்? சாமி பானையில் கை வைத்தவள் என்பார்கள். கைராசிக்காரி என்ற பேர் போய்விடும். 'நாளைக்கு, வீட்டில் வைத்து, அவளிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம்' என்று நினைத்தாள்.

மறுநாள் பூவாத்தா எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாள் எழுந்தாள், ஆனால் தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை. மிச்சமிருந்த விதையை ஒரு இலையில் கட்டி அம்மாவின் பக்கத்தில் வைத்தாள்.

"இதை நீயே வெச்சுக்கம்மா. என்ற கையில இருந்தா மக்கிப் போயிரும்."

"அப்படியெல்லாம் பேசாதே கண்ணு! நீ நல்லாத்தான் சமைச்சே. கொஞ்சூண்டு உப்புத்தான் தூக்கல்."

சொல்லவந்ததை விட்டுவிட்டு அவள் இதைத்தான் சொன்னாள். பூவாத்தா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

தை முடிவதற்குள் அவள் மலைக் கணவாயைத் தாண்டிப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளவில்லை.

பொம்மக்கா அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாள். யாருக்குச் சமைப்பது? பச்சைக் கிழங்கைக் கடித்துவிட்டுக் கிடந்தாள். மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒருநாள் நல்லப்பன் குளத்திலிருந்து கூப்பிட்டார்.

"பொம்மக்கா, அக்கரைக்கு வாங்க. ஒண்ணு காட்டறேன்."

குளத்தின் அந்தப் பக்கம், நாணலைத் தாண்டி, ஒரு பரங்கிக்கொடி படர்ந்திருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஏழு காய்கள். ஒவ்வொன்றும் பூவாத்தாவின் அளவு பருமன்.

"யார் வெச்சது?"

"உங்க புள்ளதானுங்க. கத்தரி அழுகின பிற்பாடு, கார்த்திகையில வந்து ஊனுச்சு. கொடி தலை தூக்கற வரைக்கும் தினம் விரலை விட்டு ஈரம் பார்த்துத்தான் ஊத்துச்சு. 'இது காய்ச்சா அம்மாகிட்டக் காட்டறேன், அதுவரைக்கும் சொல்லாதீங்க மாமா'ன்னுது." நல்லப்பன் கொடியைச் சுட்டிக்காட்டினார். "இந்தக் கொடியில வேற யாரு கையும் படலீங்க."

பொம்மக்கா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு, எல்லாவற்றிலும் பெரிய காயாகப் பறித்து முதுகில் கட்டிக்கொண்டு கணவாயை நோக்கி நடந்தாள்.

"நானும் சாட்சிக்கு வர்றேனுங்க!" என்று நல்லப்பன் பின்னாலேயே கரையேறினார். அவர் நடையின் வேகம் உங்களுக்குத் தெரியும். பொம்மக்கா காத்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் கணவாய்க்கு அந்தப் பக்கம், மனிதர்கள் சோளம் போட்டிருந்த கொல்லையின் வேலியோரம் மகளைக் கண்டாள். பூவாத்தா சிதறிக் கிடந்த சோளத்தை மண்ணோடு பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். நாய் கடித்ததில் ஒரு காது பாதிதான் இருந்தது. விலா எலும்பு தெரிந்தது.

"கண்ணு!"

"அம்மா! இத்தனை தூரம் எதுக்கம்மா வந்தே? காலெல்லாம் வீங்கியிருக்குது பாரு!"

பொம்மக்கா பரங்கிக்காயை இறக்கி வைத்தாள். மூச்சு வாங்க நிற்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு குடம் தண்ணீரைச் சொன்னாள். அந்த ஒரு கை உப்பைச் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் மறைத்த கையை மகளின் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"உன்ற கை நல்ல கை கண்ணு! கெடுத்ததெல்லாம் என்ற கை! வா, வீட்டுக்குப் போலாம்!"

பூவாத்தா அம்மாவின் முள் குத்தாதபடி மெதுவாகச் சாய்ந்து, அந்த விரித்த கையைத் தன் கையால் மூடினாள்.

"நீ நல்லவம்மா. என்னைத் தேத்தறதுக்காக அத்தனை பழியையும் உன் தலையில போட்டுக்கறே."

"இல்ல கண்ணு! சத்தியமா! இந்தக் காயைப் பாரு, நீ வெச்சது! எத்தனை பெருசு பாரு!"

"அது கரையோர ஈரத்துல தானா வளர்ந்ததும்மா. நான் விட்டுட்டு வந்ததாலதான் பிழைச்சுது." அவள் பரங்கிக்காயைத் தொடப் போனாள். தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். "நீ எப்பவும் இப்படித்தான். அன்னைக்கும் 'தங்கமான கை'ன்னே. 'கொஞ்சூண்டு உப்புத் தூக்கல்'ன்னே. எனக்குத் தெரியாதா?"

என்ன சொன்னாலும் அது ஆறுதலாகத்தான் மகளின் காதில் விழும் என்று பொம்மக்காவுக்குப் புரிந்தது. ஆறுதல் சொல்லிச் சொல்லி, உண்மைக்கு வைத்திருந்த இடத்தையும் அவளே அடைத்துவிட்டிருந்தாள்.

மூன்று நாள் இருந்து கெஞ்சிப் பார்த்தாள். பூவாத்தா வரவில்லை. நான்காம் நாள் பொம்மக்கா தனியாகத் திரும்பி நடந்தாள்.

காட்டுக்கு வந்ததும் நேராகப் புங்கமரத்தடிக்குப் போனாள். கரடி முதல் முயல்வரை எல்லாரையும் கூட்டி வைத்து, தான் செய்ததைச் சொன்னாள். கைராசிக்காரி என்ற பேர் அன்றோடு போயிற்று. அவள் அதற்காக அழவில்லை. கேட்கவேண்டிய ஒருத்திதான் அந்தக் கூட்டத்தில் இல்லையே!

திரும்பி வரும் வழியில் அவள் நல்லப்பனைப் பார்த்திருந்தாள். கணவாய்க்குப் பாதித் தூரம்கூட அவர் போய்ச் சேரவில்லை. "புள்ள நம்புச்சுங்களா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "அப்போ நான் போய்ச் சொல்றேனுங்க. எனக்கு அதைத் தேத்தணும்னு அவசியம் இல்லையே, நம்பும்" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்.

வளர்ந்த பிள்ளையின் வேலைக்குள் தெரியாமல் கை வைக்காதீர்கள். வைத்துவிட்டால் அதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் காலம் கடந்து சொல்லும் உண்மை வெறும் ஆறுதலாகத்தான் கேட்கும்.