சதுப்பைத் தாண்டிய பாட்டு

மூங்கில் காட்டுச் சதுப்பின் ஓரத்தில் குட்டிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தலைமை ஆசிரியர் கொக்கு. அவர் ஒற்றைக்காலில் நின்றுதான் படித்தாராம்! அதனால் எல்லாக் குட்டிகளையும் ஒற்றைக்காலில் நிறுத்தியே படிக்க வைப்பார். பாவம், குரங்குக்குட்டிகூட அசையக் கூடாது.

சதுப்பின் குறுக்கே ஏழு கற்கள் கிடந்தன. மூன்றாவது ஆடும். ஆறாவது வழுக்கும். மேல்வகுப்பு அக்கரையில்தான். கற்களைச் சரியாகத் தாண்டினால்தான் அங்கே இடம்.

கீரிக்குட்டி செம்பிக்கு ஒற்றைக்காலில் நின்றால் எந்தக் கல் எப்படி என்ற பாடமே மண்டையில் ஏறாது.

"நாளைக்குப் பரீட்சை. தாண்டலைன்னா நீ வீட்டுக்குப் போகவேண்டியதுதான்!" என்றார் கொக்கு. செம்பி அழுதேவிட்டது.

மைனா டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பாட்டும் ஆட்டமும் சொல்லித்தருபவர் அவர். பரீட்சை வருகிறதென்று அவருடைய வகுப்பைக் கொக்கு பிடுங்கிக்கொண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஐயா, எனக்கு அரை மணி நேரம் கொடுங்களேன்."

"ஆட்டம் போடவா? பரீட்சை நேரத்துலயா? நல்லா இருக்கே!"

மைனா விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் செம்பியை மணலுக்கு அழைத்துப் போனார். செம்பி ஏழு வட்டம் வரைந்தது. இருவரும் பாடிப் பாடிக் குதித்தார்கள். செம்பிக்குப் பசியே மறந்துபோயிற்று.

மறுநாள் பரீட்சை. முயல்குட்டி கண்ணை மூடிக்கொண்டு பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தது.

"பலே!" என்றார் கொக்கு.

முயல் கல்லில் இறங்கியது. "மூணாவது... வழுக்குமா, ஆடுமா?" யோசிப்பதற்குள் தொபுக்கடீர்! கழுத்துவரை சேறு. கொக்குதான் காதைக் கவ்வி இழுத்துக் கரையில் போட்டார்.

அடுத்து செம்பி.

"ஒப்பிக்கவே தெரியாது. இது எங்கே தாண்டப்போகுது!" என்று முணுமுணுத்தார் கொக்கு.

செம்பி வாலை ஆட்டியது. பாட ஆரம்பித்தது.

"ஒண்ணில் ஏறு, ரெண்டில் நில்லு!
மூணு ஆடும், தாண்டிச் செல்லு!
நாலும் அஞ்சும் நல்ல கல்லு!
ஆறு வழுக்கும், ஏழில் துள்ளு!"

பாட்டு முடிந்தபோது செம்பி அக்கரையில் நின்றது! காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"எனக்கும் சொல்லித்தா!" என்று கத்தியது குரங்குக்குட்டி. செம்பி அங்கிருந்தே பாட, மற்றவை இங்கிருந்து பாட, ஒவ்வொன்றாய்க் குதித்துத் தாண்டின. சேறு பூசிய முயலும் தாண்டியது. சதுப்பே கலகலத்தது.

கொக்கு தூக்கியிருந்த காலைக் கீழே ஊன்றினார். பிறகு மைனாவின் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், தப்பு என்னோடதுதான். நாளையிலேருந்து முதல் பீரியட் உங்களுக்கு."

"ரெண்டாவது, ஐயா?"

"அதுல நான் மாணவனா வந்து உட்காரலாமா?"

மைனா சிரித்த சிரிப்பு அக்கரைக்கே கேட்டது.

ஆகையால் பெரியவர்களே, பரீட்சை வருகிறதென்று பாட்டு வகுப்பைப் பிடுங்காதீர்கள். ஆடிப் பாடிக் கற்ற பாடம்தான் குழந்தைக்கு வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும்.