ஏகாம்பரத்தின் வசவு

ஏகாம்பரத்துக்கு அன்று காலையிலேயே பித்தம் தலைக்கேறிவிட்டது. காரணம், பேப்பர்.

முப்பது வருஷம் ஜெயில் வார்டராக இருந்து, ஓய்வு பெற்றபின் ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்தவர் அவர். குரு நல்லம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. தினமும் குருவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது ஏகாம்பரத்தின் வேலை.

"'நகை பறித்தவர் கைது செய்யப்பட்டார்.' பறித்தவராம்! கைது செய்யப்பட்டாராம்! மாப்பிள்ளை அழைப்பாம்மா நடக்குது? களவாணிப் பயலுக்கு எதுக்கு மரியாதை?"

நல்லம்மை சிரித்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

பத்து மணி இருக்கும். வாசலில் ஒரே கூச்சல். ஊரில் எந்த வழக்கானாலும் ஸ்டேஷனுக்கு முன்னால் ஆசிரமத்துக்குத்தான் வரும். மாசானம் என்பவனைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். வெயிலாச்சியின் கறவை ஆட்டை முந்தின நாள் ஓட்டிக்கொண்டு போனவன். பார்த்த சாட்சி இரண்டு பேர். ஆடு எங்கே என்று கேட்டால் மட்டும் வாயே திறக்கவில்லை.

வெயிலாச்சியின் கூடையில் மூன்று குட்டிகள். பிறந்து ஐந்தே நாள். நேற்றிலிருந்து பால் இல்லை. கடைக்குட்டி தலையைத் தூக்கவே இல்லை.

ஏகாம்பரத்துக்குக் கை பரபரத்தது. பழைய உத்தியோகம் உடம்பில் ஏறிக்கொண்டது.

"டேய்! திருட்டு மூதி! ஆடு எங்கடா? சொல்றியா, தோலை உரிக்கட்டுமா?"

மாசானம் ஆற அமர ஒரு கொட்டாவி விட்டான். ஏகாம்பரம் அவன் அப்பன், பாட்டன், ஏழு தலைமுறையையும் இழுத்து வைதார். அடடா, என்ன வசவு! ஊரே வாயைப் பிளந்து கேட்டது. மாசானம் கோடை மழையில் நனைகிறவனைப் போல சுகமாக உட்கார்ந்திருந்தான்.

நல்லம்மை வந்தார். கயிற்றை அவிழ்த்தார். பாய் விரித்து, ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

"வாங்கய்யா, உட்காருங்க."

வெயிலாச்சிக்கு வயிறு எரிந்தது. "தாயே, பறிகொடுத்தவ நான் நிக்கேன். அவனுக்குப் பாயா?"

"நீங்களும் உட்காருங்கம்மா. அதே பாயில, எதிரே. நீங்களே அவரைக் கேளுங்க. வசவு மட்டும் வேண்டாம்."

வெயிலாச்சி கூடையை நடுவில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க, கத்திக் கத்தி இதுக தொண்டை கட்டிப்போச்சு. இந்தக் கடைக்குட்டி பிழைக்குமோ என்னமோ. உங்களுக்கு நான் என்ன செஞ்சேன்? எதுக்கு இதுக ஆத்தாளைக் கொண்டுபோனீங்க?"

மோர்ச் சொம்பு வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது. மாசானம் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நல்லம்மை பக்கம் திரும்பினான்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தப் பெரியவரையே பேசச் சொல்லுங்க. அவரு எவ்வளவு வேணும்னாலும் வையட்டும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நல்லம்மை சிரிக்கவில்லை.

"உங்களைத்தான் கேட்கிறாங்க. சொல்லுங்க."

கடைக்குட்டி ஈனமாக ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், மாசானம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

"நீங்க ஒண்ணும் செய்யலம்மா. வித்துக் குடிக்கலாம்னு எடுத்தேன். செங்கல் சூளைக்குப் பின்னால கட்டியிருக்கேன்."

ஆடு வந்த வரத்து இருக்கிறதே, அப்பப்பா! மடி கனக்கக் கனக்க, கத்திக்கொண்டே ஓடிவந்தது. இரண்டு குட்டிகள் முட்டி முட்டிக் குடித்தன. கடைக்குட்டியின் வாயில் காம்பை வைத்தது ஏகாம்பரம்தான். அது வாலை ஆட்டியதும் மனுஷர் கைதட்டிக் கூத்தாடினார்.

போலீஸ் வந்து மாசானத்தை ஜீப்பில் ஏற்றியது. வெயிலாச்சி புகாரை விடவில்லை. நல்லம்மையும் விடச் சொல்லவில்லை. "போயிட்டு வாங்கய்யா" என்று வழியனுப்பினார்.

ஏகாம்பரத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"எல்லாம் சரிம்மா. ஆனா ஒரு அடி இல்ல, ஒரு வசவு இல்ல. திருடினவனை இவ்வளவு லேசாவா விடுறது?"

"நானா?" என்றார் நல்லம்மை. "நான் வந்து பார்த்தப்போ, நீங்கதான் அவரை லேசா விட்டுக்கிட்டிருந்தீங்க."