எழுநூறு கிராம்

"இந்தச் சக்கரம் என்னை மேலே ஏற விடமாட்டேங்குதும்மா" என்றார் தணிகாசலம்.

எஸ்தர் நிமிரவில்லை. மடியில் ஒரு ரிம்மை வைத்துக் கம்பி கோத்துக்கொண்டிருந்தாள்.

"வேற சக்கரம் போடணும். லேசா இருக்கணும். எதைப் போடலாம்னு நீயே சொல்லிடு."

"உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். அரை மணி நேரம் போயிற்று. முப்பத்திரண்டு கம்பியையும் கோத்து முடித்தாள். எழுந்தாள். கை கழுவினாள். சாப்பிடப் போய்விட்டாள்.

அடடா, இதில் ஏதோ தத்துவம் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் நல்ல மனசுக்காரர். தணிகாசலத்துக்கு எரிச்சல்தான் வந்தது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நாமக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். கேள்வி கேட்டு நிற்க வைத்தே பழகியவர். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து சாப்பிடப் போன ஆள் இதுவரை கிடையாது.

எஸ்தருக்கு முப்பத்து மூன்று. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, மலையேறும் சைக்கிள்களுக்குச் சக்கரம் கட்டிக்கொண்டிருந்தாள். சேலம், கரூர், திருச்சியிலிருந்தெல்லாம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள். எதற்கும் நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்பதால் அவளுக்குக் குரு என்று பேர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்த பேர்தான். அவள் கட்டிய சக்கரம் வருஷக்கணக்கில் கோணிப் பெண்டு வாங்காமல் ஓடியதைப் பார்த்த பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள், பேர் மட்டும் நின்றுவிட்டது.

தணிகாசலத்தின் வண்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதில் கியர் கிடையாது. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், அவ்வளவுதான். ஷாக் அப்சார்பரும் கிடையாது. கல்லில் இடித்தால் முழங்கை வரைக்கும் வலிக்கும். கியர் இருந்தால் மனசு எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கும், எனக்கு ஒன்றே போதும் என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் பிரசங்கம் செய்துதான் அதை வாங்கினார்.

இப்படி எல்லாம் துறந்தவர்தான் ஒரு மாதமாக ரிம்மின் எடையை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

எழுநூறு கிராம். அவர் கணக்குப்படி, நல்ல சக்கரமாகப் போட்டால் எழுநூறு கிராம் குறையும். ரெண்டு வேளைச் சோற்றைக் குறைத்தால் அந்த எழுநூறு கிராம் குறைந்துவிடாதா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டார்கள். ரெண்டு நாள் இவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் அவசரம் அவருக்கு. தை மாதக் கடைசி ஞாயிறு ஜோடி ஏற்றப் போட்டி. அடிவாரத்திலிருந்து பழைய மண் தடத்தில் இரண்டு இரண்டு பேராக ஏறுவார்கள். ஜோடியில் பிந்தி வருகிறவர் எப்போது மேலே வந்து சேருகிறாரோ, அதுதான் அந்த ஜோடியின் நேரம். தணிகாசலத்துக்குப் பதினோரு வருஷமாக ஜோடி பஷீர், அதே பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பதினோரு வருஷமாக அவர்கள் கடைசி. அதைப் பற்றி ரெண்டு பேருக்கும் கவலையே இருந்ததில்லை.

போன மாதம் டீக்கடையில் வைத்து, ஊருக்குப் புதிதாக வந்த ஒரு டாக்டர் பையன், "பஷீர் சார், இந்த வருஷம் என்கூட வர்றீங்களா?" என்று தணிகாசலத்தின் எதிரிலேயே கேட்டுவிட்டான்.

பஷீர் சிரித்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்புதான் தணிகாசலத்தை அரித்துக்கொண்டிருந்தது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே மலையேறுகிறவர்கள், பஷீர் இல்லாத ஞாயிற்றை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பஷீரிடமே கேட்டுவிடலாம். பதினோரு வருஷப் பழக்கத்தில் இப்படி ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது? சக்கரத்தை மாற்றுவது சுலபம்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் ஒரு பேப்பர். ஆறு கம்பெனிச் சக்கரங்களை அலசி மூன்றாகக் குறைத்திருந்தார். ரிம் எடை, ஹப் எடை, கம்பி எடை எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். தன் வண்டியிலிருந்து கம்பி ஒன்றைக் கழற்றி, பள்ளி ஆய்வகத் தராசில் தசமத்துக்கு அப்புறம் நாலு இலக்கம் வரை எடை போட்டும் பார்த்திருந்தார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அந்தத் தராசைத் தொட அனுமதி கிடையாது.

எஸ்தர் பேப்பரை வாங்கி முழுக்கப் படித்தாள். தணிகாசலத்துக்கு நம்பிக்கை வந்தது.

சக்கரம் பெண்டு எடுக்கும் ஸ்டாண்டு அன்றைக்கு ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் பேப்பரை நாலாக மடித்து அதன் காலுக்கடியில் வைத்தாள்.

ஆட்டம் நின்றுவிட்டது.

"அடுத்த வாரம் வண்டியோட வாங்க சார்" என்றாள்.

போகிற வழியெல்லாம் தணிகாசலம் தன்னையே திட்டிக்கொண்டு போனார். இவளுக்குத் திமிர், தனக்குப் புத்தி இல்லை, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றெல்லாம் முடிவு செய்தார். அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து நின்றார்.

எஸ்தர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினாள். ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக் காதில் வாங்கினாள். ரிம்மைத் தடவிப் பார்த்தாள். ஹப்பைச் சுற்றிவிட்டாள். சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை, கனம் மட்டும்தான். பிறகு பிரேக்கின் ரப்பர் பேடுகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப மாத்தினது சார்?"

"மூணு வாரம் இருக்கும்."

"மேலேயிருந்து எப்படி இறங்குவீங்க?"

"வாழைத்தார் வேன்ல சைக்கிளைப் போட்டுட்டு வந்துடுவோம். எல்லாரும் அப்படித்தான்."

"அப்ப நீங்க ஏறுறது மட்டும்தான்."

"ஏறுறது மட்டும்தான்."

"ஏறுறவரு இதை எங்க சார் தேய்ச்சீங்க?"

தணிகாசலம் பேடைப் பார்த்தார். காகிதக் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. வழியில் பள்ளங்கள் இருக்கின்றன, ஓடை ஓடையாகக் குறுக்கிடும், அங்கெல்லாம் பிடிக்க வேண்டியிருக்கும் என்று ஏதோ சொன்னார்.

எஸ்தர் நான்கு பேடையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வண்டியை நிமிர்த்தி, தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கொட்டகைக்கு நேர் எதிரில் மண் தடம் சரிந்து ஒரு காய்ந்த ஓடையில் இறங்கும். இறங்கின வேகத்தில் எதிர்ப்பக்கம் செங்குத்தாக எழும்பிக் கருப்பனார் கோயிலில் போய் நிற்கும். மலைக்குப் போகும் வழியில் இருக்கிற ஏழு பள்ளத்தில் இது முதலாவது. பதினோரு வருஷமாகத் தணிகாசலம் இந்த மேட்டில்தான் முதல் தடவையாக இறங்கித் தள்ளத் தொடங்குவார்.

"கோயில் வரைக்கும் போயிட்டு வாங்க."

"பிரேக் இல்லையேம்மா."

"ஆமா சார்."

"விழுந்தா?"

"மணல்தான் சார்."

இவளிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. கருப்பனாரை மனசுக்குள் கூப்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

சரிவில் வண்டி பிய்த்துக்கொண்டு போயிற்று. வழக்கமாகப் பிரேக் பிடிக்கும் இடத்தில் கை தானாகப் பிரேக்கை நெரித்தது, வண்டி அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணை மூடப் பார்த்தார், அதற்கும் பயமாக இருந்தது. ஓடை மணல் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பாதி மேடு வரை அந்த வேகமே ஏற்றிவிட்டது. மீதிக்கு எழுந்து நின்று மிதித்தார். எட்டு மிதி, ஒன்பது மிதி.

கோயில் வாசலில் நின்றார்.

கால் தரையில் பட்டது அங்கேதான். ஆள் யாரும் இல்லை, தனியாகச் சிரித்துக்கொண்டார்.

சிரித்து முடிப்பதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிரேக் இல்லாத வண்டியைப் பத்திரமாகத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஏறிட்டேன்."

"பார்த்தேன் சார்."

"பழைய சக்கரத்துலயே ஏறிட்டேன்."

"ஆமா சார்."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. என்னை ஏன் மூணு வாரம் அலைய விட்டே?"

"மூணு வாரமும் நீங்க சக்கரத்தைப் பத்தித்தானே சார் சொன்னீங்க. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மலையேறுவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

அவள் குரலில் முதல் தடவையாகச் சூடு தெரிந்தது. கியர் வண்டி என்றால் பள்ளத்தில் நின்று டீ குடித்துவிட்டுக்கூட ஏறலாம், சின்ன கியர் தூக்கிவிடும், ஒற்றைப் பல்சக்கர வண்டிக்கு வந்த வேகம்தான் கியர், அதைப் போய்ப் பிரேக் பிடித்துக் கொன்றால் எந்தச் சக்கரம் போட்டும் ஏறாது என்று பொரிந்தாள். நேராகப் பதில் சொல்லாத குரு ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் தெரியும்மா."

"தெரியுமா?"

"தெரியும். ஆனா முன்னாடி பஷீர் சார் போவாரே."

"அதுக்கென்ன சார்?"

தணிகாசலம் மெள்ள விஷயத்துக்கு வந்தார். பஷீர் வண்டிக்குக் கியர் உண்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் சின்ன கியரில் போட்டு, ஆமை மாதிரி, மெதுவாக, மெதுவாக ஏறுவார். முன்னெல்லாம் கொஞ்சம் வேகமாகப் போவார். வர வர ரொம்பத் தளர்ந்துவிட்டார், பாவம், வயசாகிறது. பின்னால் வருகிறவர் பிரேக் பிடிக்காமல் என்ன செய்வது?

"தடம் அகலமாத்தானே இருக்கு. தாண்டிப் போயிடலாமே சார்."

"எப்படிம்மா தாண்டுறது? என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர். ஒரு சைக்கிளைக் கையில குடுத்து இந்த மலைக்கு என்னை இழுத்துட்டு வந்ததே அவர்தான். விருட்டுனு முந்திப் போனா, உங்களால முடியலை, ஒதுங்குங்கன்னு சொன்ன மாதிரி ஆகிடாதா? ஒரு நாளும் நான் அவரைத் தாண்டினதில்லை. அதனாலதான் லேசான சக்கரம் கேக்குறேன். அவர் பின்னாடியே போகணும், நின்ன இடத்துலேருந்தே ஏறணும், இறங்கித் தள்ளக் கூடாது. அந்த டாக்டர் பையன் தள்ள மாட்டானாம்."

எஸ்தர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரெண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்க ரெண்டு பேரோட என்னால முடியலைங்க சார்."

"ரெண்டு பேரா?"

"பஷீர் சார் போன செவ்வாய்க்கிழமை வந்திருந்தாருங்க."

தணிகாசலத்துக்கு முகம் செத்துப்போயிற்று.

"டாக்டர்கூடவா?"

"தனியாத்தான். பின்சக்கரத்துக்கு இதைவிடப் பெரிய பல்சக்கரம் இருக்கா, இன்னும் மெதுவாப் போறதுக்குன்னு கேட்டாரு."

"இன்னும் மெதுவாவா? எதுக்கு?"

"இருக்கிறதுலயே சின்ன கியர்ல போனாலும் வண்டி வேகமாப் போயிடுதாம். பின்னாடி வர்றவரு மேட்டுக்கு மேடு இறங்கித் தள்ளுறாராம். விட்டுட்டுப் போக மனசு வரலையாம்."