வாசலில் நின்றவர்

"வி.எச்.எஃப். நல்லதா, யு.எச்.எஃப். நல்லதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டீச்சர்," என்றார் போஜன்.

மலைமேல் இருந்த சிறிய ஆஸ்பத்திரி அது. ஆம்புலன்ஸ் ஜீப்புகளுக்கு அவர்தான் பொறுப்பு. ஐம்பது தாண்டியவர். வயர்லெஸ் சொல்லித்தர வந்திருந்த சபீனாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

மழைக்காலத்தில் அங்கே செல்போன் வேலை செய்யாது. போன வருஷம் வழியிலேயே ஒரு தாயை இழந்திருந்தார்கள். இந்த முறை எந்த அலைவரிசையில் வாக்கி-டாக்கி வாங்குவது என்று போஜன் முடிவு சொல்ல வேண்டும்.

சபீனா இரண்டு வகையிலும் ஒவ்வொரு ஜோடி கொடுத்து, பேசிப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

போஜன் ஜீப்பில் தேயிலைச் சரிவுகளைச் சுற்றினார். வி.எச்.எஃப். அடுத்த மலை வரை கேட்டது. யு.எச்.எஃப். சில வளைவுகளிலேயே இரைந்து அடங்கிவிட்டது.

திரும்பி வந்து, தடித்த கருங்கல் சுவர்களுக்கு நடுவே இருந்த பிரசவ அறைக்குள் போனார். அங்கே வி.எச்.எஃப். வெறுமனே கரகரத்தது. யு.எச்.எஃப். பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக இருந்தது.

சோர்ந்துபோய் அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"ஒண்ணு மலைக்கு, ஒண்ணு கட்டடத்துக்கு. எனக்கு வேணுங்கிறது ரெண்டு இடத்துலயும் கேட்கிற ஒண்ணு."

சபீனா ஆஸ்பத்திரி வாசலைக் கை காட்டினாள்.

"அங்க போய் நில்லுங்க சார்."

வி.எச்.எஃப். ஒன்றை ஜீப்புக்கும், யு.எச்.எஃப். ஒன்றை உள்ளே டாக்டருக்கும் கொடுத்தாள். அவற்றின் ஜோடிகள் இரண்டையும் போஜனின் கைகளில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்னை வாட்ச்மேன் ஆக்கிவிட்டாளே என்று போஜனுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் நின்றார்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. எஸ்டேட்டிலிருந்து ஒரு கர்ப்பிணியை ஏற்றி வந்த ஜீப், விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. கூட நர்ஸ் எஸ்தர் மட்டும். டாக்டரோ உள்ளே இன்னொரு பிரசவத்தை விட்டு அசைய முடியாத நிலையில் இருந்தார்.

வலது கையில் எஸ்தரின் குரல் வந்தது. தலை வந்துவிட்டது, கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்றாள்.

போஜன் அதை இடது கைக்குச் சொன்னார். உள்ளிருந்து டாக்டர் சொன்னதை வலது கைக்குச் சொன்னார்.

"கொடிக்கு அடியில விரலை விட்டு, மெதுவா தலைவழியா எடு. இழுக்காதே."

அவராக ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாரல் சட்டையை நனைத்தது அவருக்குத் தெரியவில்லை.

பிறகு வலது கை பேசாமல் இருந்தது.

"போஜன், அங்க என்ன சொல்றாங்க?" டாக்டர் கேட்டார்.

மறுபடி இரைச்சல். அதற்குள்ளே மெல்லியதாக ஓர் அழுகை.

போஜன் வாயைத் திறந்தார். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டு வாக்கி-டாக்கிகளையும் முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து, இடது கைப் பொத்தானை அழுத்தினார்.